சட்டை கழற்றிய நண்டு

ரம்புக்கனையிலிருந்து ஏறிவரும் ரயில் கடுகண்ணாவை வளைவில் மூச்சிரைக்கும் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்கு ஒரு நண்டு ஞாபகம் வரும். வீட்டுக்குக் கீழே ஓடிய ஓடையில், மழை விட்ட ஒரு காலையில், கல்லைப் புரட்டியபோது கிடைத்தது. கால், கொடுக்கு, கண் எல்லாம் இருந்தன. கையில் எடுத்தால் கனமே இல்லை. செத்துவிட்டது என்று அழுதேன்.

“சாகலடி புள்ள, சட்டைய கழட்டி வச்சிட்டுப் போயிருக்கு” என்றாள் அப்பாயி. பக்கத்துக் கல்லுக்கடியில் நண்டு இருந்தது. விரல் வைத்தால் பதியும் உடம்பு. ஓடு இறுகுவதற்குள் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும்; நண்டு வளர்வது அப்படித்தான். கண்ணின் மேல்தோலைக்கூட அந்தச் சட்டையோடு விட்டுவிட்டுப் போயிருந்தது.

அப்பாயி இன்னொன்றும் சொல்வாள்: குஞ்சு பொரித்தால் தாய் நண்டு செத்துப்போகுமாம். ஐங்குறுநூற்றின் கள்வன் பத்திலும் அந்த நம்பிக்கை இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. கள்வன் என்றால் நண்டு.

பேராதனையில் விலங்கியல் படித்தபோது, நுணுக்குக்காட்டியில் ஒரு கண்காம்பின் வெட்டுமுகத்தைக் காட்டினார்கள். கண்ணைத் தாங்கும் அந்தச் சிறு தண்டுக்குள் எக்ஸ் உறுப்பு, சைனஸ் சுரப்பி. ஓடு கழற்றாதே என்று ஒரு ஹார்மோன், முட்டை முதிர விடாதே என்று இன்னொன்று, இரண்டும் அங்கிருந்துதான் இரத்தத்துக்குள் போகின்றன. முதல் ஹார்மோனின் பிடி தளர்ந்தால் தலைப்பக்கத்து ஒய் உறுப்பு ஓடு கழற்றும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். கண்காம்பை அகற்றினால் ஓடு சீக்கிரம் கழல்கிறது என்று செலனி 1905இலேயே எழுதிவிட்டார். சூலகம் பெருக்கிறது என்று பனூஸ் 1943இல் கண்டார். வயல் நண்டை வைத்து நிறைய வேலை செய்த கோழிக்கோட்டு அடியோடி தம்பதியின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையை நான் கையால் பிரதி எடுத்து வைத்திருந்தேன். ஓட்டுக்கும் முட்டைக்கும் ஒரே சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். எது முன்னே, எது பின்னே என்று கண்காம்பு முறை வைக்கிறது. அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு சிலாபம் பக்கத்தில் ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்துக்குப் போனேன். தாய் இறாலை ஈரத்துணியில் பிடித்து, காய்ச்சிய இடுக்கியால் ஒரு கண்காம்பை நசுக்கினார்கள். அடைத்து வைத்த இறால் தானாகச் சினைப்படுவது அரிது. ஒரு கண் போனால் சில நாளில் முட்டை வைக்கும். கேரளத்து நாறக்கல்லில் முத்துவும் லட்சுமிநாராயணாவும் 1970களில் இந்திய இறால்களில் செய்து காட்டிய முறைதான். அடுத்தடுத்து முட்டை வைத்து, உடம்பில் இருந்ததையெல்லாம் கொடுத்து, அவை ஓய்ந்துபோவதைத் தொட்டியோரம் நின்று பார்த்தேன். அப்பாயி சொன்ன தாய் அங்கேதான் இருந்தாள்.

தாய்லாந்தில் கண்ணைத் தொடாமல், முட்டை முதிர்வைத் தடுக்கும் அந்த ஹார்மோனின் மரபணுவை இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஊசியால் அடக்கிக் கறுப்பு இறாலை முட்டையிட வைத்திருக்கிறார்கள். அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த முறை தொட்டிக்கரைக்கு வந்து சேர வேண்டும், சீக்கிரமாக.

எங்கள் ஓடை நண்டு வேறு மாதிரி. அது கடலுக்குக் குஞ்சை அனுப்புவதில்லை. முட்டைக்குள்ளேயே சிறு நண்டாகிவிடும். பொரித்த பிறகும் தாயின் வயிற்று மடலுக்குள் சில காலம் இருக்கும். மிதந்து போகாததால் மலைக்கு மலை வேறு இனம் ஆகிவிட்டது. இலங்கையின் ஐம்பது சொச்சம் நன்னீர் நண்டு இனங்களில் ஏறக்குறைய எல்லாமே வேறெங்கும் கிடையாது. ஓர் ஓடை வற்றினால் அந்த நண்டுக்குப் போக இடமில்லை.

போன மழைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கடுகண்ணாவையின் டோசன் கோபுரத்தைத் தாண்டி இறங்கி, ஓடைக்குப் போனேன். தண்ணீர் குறைந்திருந்தது. மூன்றாவது கல்லுக்கடியில் ஒரு பெண் நண்டு, மடல் பிதுங்கக் குஞ்சுகள். கொடுக்கைத் தூக்கிக்கொண்டு என்னை முறைத்தது. இரண்டு கண்ணும் நிமிர்ந்து நின்றன. கல்லை முன்பு இருந்த பள்ளத்திலேயே மெல்ல இறக்கி வைத்தேன். மேலே ரயில் ஏறிக்கொண்டிருந்தது.