நம்பர் பிளேட் இல்லாத வண்டிகள்

மாலை ஏழு மணிக்கு பெங்களூர் கோரமங்களாவில் ஆன்லைன் மளிகைக் கிடங்கு ஒன்றின் வாசலைப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். வரிசையாக வண்டிகள் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாலும் இரைச்சல் இல்லை. பல வண்டிகளில் நம்பர் பிளேட்டும் இல்லை. இரைச்சல் இல்லாததற்குக் காரணம் மின்சாரம். நம்பர் இல்லாததற்குக் காரணம் சட்டம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாமலும், எடை ஒரு வரம்புக்குள்ளும் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே அல்ல. ஏறக்குறைய சைக்கிளுக்குச் சமம். பதிவு வேண்டாம், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸும் வேண்டாம்.

தருமபுரியிலிருந்தோ ராய்ச்சூரிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ ஒரு பையோடு வந்து இறங்கும் இளைஞருக்கு இது பெரிய சலுகை. அவரிடம் பைக் இல்லை, பைக் வாங்க முன்பணம் இல்லை, லைசென்ஸும் பெரும்பாலும் இல்லை. கையில் இருப்பது ஒரு ஸ்மார்ட்போன்தான். வார வாடகைக்கு ஒரு மின் வண்டி எடுத்தால் உடனே ‘டெலிவரி பையன்’ ஆகிவிடலாம். (நாற்பது வயதானாலும் இந்த வேலையில் பையன்தான்.)

25 கிலோமீட்டர் வேகத்தில் என்ன டெலிவரி செய்ய முடியும் என்று கேட்பவர்கள் பெங்களூரில் வண்டி ஓட்டிப் பார்க்காதவர்கள். நகர மையத்தில் பத்து கிலோமீட்டர் கடக்க 2022ல் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது என்று டாம்டாம் நிறுவனம் கணக்கிட்டது. அந்த ஆண்டு பட்டியலில் லண்டனுக்கு அடுத்தபடி உலகிலேயே மெதுவான நகரம் பெங்களூர்தான். அதாவது மணிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். நூறு கிலோமீட்டர் வேகம் போகும் பைக்கும் சில்க் போர்டு சந்திப்பில் இந்தச் சின்ன வண்டிக்குப் பின்னால்தான் நிற்கிறது. அத்துடன், பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் கொண்டுவந்து தரும் வியாபாரத்துக்காகப் பேட்டைக்குப் பேட்டை கிடங்குகள் முளைத்துவிட்டன. இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த வேகமே போதும். பத்து நிமிட அவசரத்தைத் திட்டுவதற்கு நியாயம் உண்டு. ஆனால் மெதுவான மின் வண்டிக்கு வேலை தேடித் தந்ததும் அந்த அவசரம்தான்.

இந்த மாற்றம் பெங்களூரில் வேகம் பிடித்ததில் ஆச்சரியமில்லை. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902ல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போன மின்சாரம், 1905ல் இந்நகரத் தெருவிளக்குகளை ஏற்றியது. சேத்தன் மைனி தன் ரேவா மின்சாரக் காரை 2001ல் இங்கிருந்துதான் கொண்டுவந்தார். நாட்டிலேயே முதலாவதாக மின் வாகனக் கொள்கை அறிவித்த மாநிலம் கர்நாடகம், 2017ல். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் தொடங்கிய ஏதர் நிறுவனம் தன் முதல் ஸ்கூட்டரை 2018ல் இங்கே விற்றது. அது இப்போது தயாராவது ஓசூரில். 1980ல் டி.வி.எஸ். 50 புறப்பட்டு வந்ததும் அதே ஓசூரிலிருந்துதான். பால்கேனும் மீன்கூடையும் கட்டிக்கொண்டு ஓடிய அந்த மொபெட்தான் தென்னாட்டின் முதல் டெலிவரி வண்டி என்று சொன்னால் தப்பில்லை.

டெலிவரி வண்டிகளை மாற்றுவதில் ஏன் இவ்வளவு அக்கறை? நாட்டில் விற்கும் பெட்ரோலில் சுமார் 61 சதவீதத்தைக் குடிப்பது இரு சக்கர வண்டிகள் என்று 2013ல் மத்திய அரசுக்காக நீல்சன் நடத்திய ஆய்வு சொன்னது. ஆபீஸ் போய் வரும் ஸ்கூட்டர் தினம் 25 கிலோமீட்டர் ஓடினால், டெலிவரி ஸ்கூட்டர் நூறு ஓடும். ஒன்றை மாற்றினால் நான்கை மாற்றிய பலன்.

கம்பெனிகளும் வாக்குறுதிகளை அள்ளி வீசின. 2020 ஜனவரியில் அமேசானின் ஜெஃப் பெசோஸ் இந்தியாவில் மின்சார ஆட்டோ ஓட்டுகிற வீடியோ வெளிவந்தது. 2025க்குள் பத்தாயிரம் மின் வாகனங்கள் என்றது அந்த நிறுவனம். பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட ஃபிளிப்கார்ட், 2030க்குள் தன் டெலிவரி வண்டிகள் அனைத்தும் மின்சாரத்துக்கு மாறும் என்று அதே ஆண்டில் உறுதி தந்தது. சொமேட்டோ சொன்ன வருடமும் 2030தான். டெல்லி அரசு 2023 நவம்பரில் அதைச் சட்டபூர்வமான கட்டாயமாகவே ஆக்கியது.

வாக்குறுதி கம்பெனியுடையது. வண்டி யாருடையது? உணவும் மளிகையும் கொண்டுவரும் இரு சக்கர வண்டியைக் கம்பெனி வாங்கித் தருவதில்லை. ஓட்டுகிறவர் ஊழியர் அல்ல, ‘பார்ட்னர்’. ஆகவே வண்டி அவர் பொறுப்பு. கம்பெனியின் 2030 வாக்குறுதி நிறைவேற வேண்டுமானால் செலவுக் கணக்கை மாற்றிப் போட வேண்டியவர் அவர்தான்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டர் ஓட 2.2 லிட்டர் பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய ஊரில் இது நாளுக்குச் சுமார் 225 ரூபாய். மின் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு மூன்று யூனிட் போதும். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் 24 ரூபாய்தான். மிச்சம் தினம் 200 ரூபாய். மாதம் 26 நாள் ஓடினால் 5,200.

இந்த மிச்சம் முழுசாகக் கைக்கு வர, வண்டி சொந்தமாக இருக்க வேண்டும், சார்ஜ் செய்ய ஒரு பிளக் வேண்டும். மூன்றாவது மாடியில் ஓர் அறையை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், தெருவில் நிற்கும் வண்டிக்கு ஏது பிளக்? அதனால் வாடகை. பேட்டரி உட்பட நாளுக்கு 200 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலில் மிஞ்சியது அங்கே போய்விடுகிறது. நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. பைக் கடன் இல்லை, ஆயில் மாற்றும் செலவு இல்லை. கைக்காசு இல்லாதவரும் தொழிலில் இறங்கலாம். ஆனால் இரண்டு செலவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். ஓடாத நாளில் பெட்ரோல் செலவில்லை. ஓடாத நாளிலும் வாடகை உண்டு. காய்ச்சலில் படுத்த நாள், அடைமழையில் ஆர்டர் எடுக்க முடியாத நாள், கம்பெனி ஐ.டி.யை முடக்கி வைத்த நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரம் கணக்காகிறது. சொந்த பைக் என்றால் பொங்கலுக்கு அதிலேயே தருமபுரி போய் வரலாம். இந்த வண்டி நகர எல்லையைத் தாண்டாது.

வாடகை வண்டிக்காகப் பேச இன்னொரு நியாயம் உண்டு. பெங்களூரின் யூலு முதலில் மெட்ரோ பயணிகளுக்கு வண்டி தந்து, பிறகு டெலிவரிக்கென்றே ஒரு மாடலை இறக்கியது. இதில் பேட்டரியை அறைக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. காலியானதை நிலையத்தில் கொடுத்து நிறைந்ததை மாட்டிக்கொள்ளலாம், ஓரிரு நிமிட வேலை. தைவானில் கோகோரோ 2015ல் தொடங்கிய முறை இது. ரேவா மைனியும் 2017ல் சன் மொபிலிட்டி மூலம் இதில் இறங்கினார். வசதி என்பதைவிட உயிர்ப் பாதுகாப்பு என்றே இதைச் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் வேலூர் அருகே வீட்டில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். நியூயார்க்கில் டெலிவரி ஆட்கள் பலர் மலிவான பேட்டரிகளைத் தாங்களே வாங்கி அடுக்குமாடி வீடுகளில் சார்ஜ் செய்தார்கள். 2023ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் அந்நகரில் 18 பேர் பலி. ஐந்து பேர் படுக்கும் அறையில் பேட்டரி இல்லாமலிருப்பது நல்லது.

கோளாறு என்னவென்றால், ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றின் வண்டியில் பொருந்தாது. பொதுத் தரம் வகுப்பதாக 2022 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அந்த ஏப்ரலில் நிதி ஆயோக் வரைவும் வந்தது. பொருத்தம் மட்டும் கூடிவரவில்லை. வரியிலும் வேடிக்கை. வண்டியோடு சேர்ந்த பேட்டரிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., தனியாக வந்தால் 18.

நம்பர் இல்லாத வண்டியை அரசாங்கத்தின் கண்ணும் பார்ப்பதில்லை. மத்திய மானியங்கள் பதிவு பெற்ற வண்டிகளுக்கே. எத்தனை மின் வண்டிகள் ஓடுகின்றன என்று சொல்லும் வாகன் பதிவேட்டிலும் இவை இடம்பெறுவதில்லை. மோட்டார் வாகனம் அல்ல என்பதால் கட்டாய இன்ஷூரன்ஸும் இல்லை. பாதசாரி மீது மோதினால் நஷ்ட ஈடு தர, சட்டப்படி நிற்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி எதுவுமில்லை. வாடகைக் கம்பெனி தானாக ஏதாவது ஏற்பாடு செய்திருந்தால் உண்டு.

கர்நாடக அரசு 2025ல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டம் ஒரு தொடக்கம். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை கம்பெனிகளிடம் வசூலித்து நலநிதி திரட்ட அது வழி செய்கிறது. வண்டி வாடகைக்கு அது வரம்பு எதையும் கட்டவில்லை. நலவாரியம் உதவிகளைப் பட்டியலிடும்போது விபத்தும் மருத்துவமும் முதலில் வருவது முறைதான். மூன்றாவதாக, காய்ச்சலில் படுத்த வாரத்தின் வண்டி வாடகையைச் சேர்க்கலாம். நாளுக்கு 200 என்றால் ஆறு நாளுக்கு 1,200 ரூபாய்.