கந்தகத்தின் பிடி

ஈயமும் துத்தநாகமும் அப்படியொன்றும் அபூர்வமான உலோகங்கள் அல்ல. புவியோட்டுப் பாறைகளைச் சராசரியாகக் கணக்கிட்டால் ஒரு டன்னில் துத்தநாகம் சுமார் 70 கிராமும் ஈயம் சுமார் 15 கிராமும் இருக்கும். சுரங்கம் தோண்டுபவருக்கோ டன்னுக்குப் பல பத்துக் கிலோவாவது வேண்டும். எங்கும் தூசாய்ச் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் திரட்டித் தந்தது உப்புக் கரித்த வெந்நீர்தான்.

அண்ணன், தங்கை, நான் என நாங்கள் மூவரும் சில ஆண்டுகளாக இந்த வெந்நீரின் கதையைத் தேடித் தேடிப் படித்து வருகிறோம். காரணம் பின்னால் வரும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஈயப் படிவுகளை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றுக்குத் தெற்கே வாஷிடா மலைகள் எழும்பின. அந்த எழுச்சி, வண்டல்களின் ஆழத்தில் சிறைப்பட்டிருந்த தொன்மையான உப்புநீரை வடக்கு நோக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியது என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு மிகுந்த நீர் அது. உப்பிலுள்ள குளோரைடு, பாறைத் துகள்களிலிருந்து ஈயத்தையும் துத்தநாகத்தையும் கழற்றித் தன்னோடு கூட்டிச் செல்லும். கந்தகத்தைச் சந்திக்காத வரையில் அந்தப் பயணத்துக்குத் தடையில்லை. எங்கோ ஒரு சுண்ணப்பாறைப் பிளவில் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்திருக்கிறது. இரண்டும் சந்தித்த இடத்தில் ஈயம் கலீனாவாகவும் துத்தநாகம் ஸ்ஃபேலரைட்டாகவும் படிந்துவிடுகின்றன. (ஸ்ஃபேலரைட் என்ற பெயருக்கு வேரான கிரேக்கச் சொல்லுக்கு 'ஏமாற்றுவது' என்று பொருள். கலீனாவைப் போலத் தோற்றம் காட்டி, உருக்கினால் ஈயம் தராமல் போனதால் வந்த வசவு!)

இதையெல்லாம் எப்படிக் கண்டார்கள் என்பதுதான் எங்களை அதிகம் ஈர்த்தது. படிகம் வளர்ந்தபோது அந்த நீரின் துளிகள் சில, கண்ணுக்குத் தெரியாத அளவில், அதனுள்ளேயே அகப்பட்டுக்கொண்டன. படிகம் ஆறியபோது நீர் சுருங்கி ஒவ்வொரு துளியிலும் ஒரு குமிழி தோன்றிற்று. நுண்ணோக்கியின் கீழ் வைத்து மெல்லச் சூடேற்றினால் ஒரு கட்டத்தில் குமிழி மறையும். துளி சிறைப்பட்ட நாளில் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவு இருந்தது என்று பொருள். இவ்வகைப் படிவுகளில் அது பெரும்பாலும் 200 டிகிரி செல்சியசுக்குக் கீழேதான். உறையவைத்துப் பார்த்தால் உப்பின் அளவும் தெரிந்துவிடும்.

கந்தகம் போதாவிட்டால் என்ன ஆகும்? 1962இல் கலிபோர்னியாவின் சால்டன் கடலருகே நீராவிக்காகத் தோண்டிய ஆழ்கிணற்றில், 300 டிகிரியைத் தாண்டிய கொதிநீரில், ஈயமும் துத்தநாகமும் ஏராளமாகக் கரைந்திருந்தன. கந்தகம் மிகக் குறைவு; ஆகவே உலோகங்கள் வழிப்போக்கர்களாகவே இருந்தன. தாதுப் படிவு என்பதைச் செல்வம் என்பதைவிடச் சந்திப்பு என்று சொல்வதே சரி என்பது எங்கள் எண்ணம்.

இனி அந்தக் காரணம். எங்கள் அப்பா லாரி பேட்டரிகளைப் பழுதுபார்ப்பவர். தாரை உருக்கி மூடியைப் பெயர்த்து, தகடுகளை உருவி, இரும்புக் கரண்டியில் ஈயம் காய்ச்சி முனைகள் வார்ப்பார். வீட்டின் முன்கட்டுதான் பட்டறை. அந்த ஈயம் எந்தச் சுரங்கத்தது என்று அறிய வழியில்லை. மறுபடி மறுபடி உருகியதில் எல்லாச் சுரங்கங்களும் கலந்திருக்கும். கலீனாவாக இருந்தவரை அது நீரில் அநேகமாகக் கரையாதது. உலையில் காற்றோடு வறுத்துக் கந்தகத்தைப் பிரித்த பிறகே அது கரண்டியில் ஏறுகிறது. தூசாகவும் புகையாகவும் மூச்சுக்குள் போகிறது.

அறுபது வயதில் அப்பாவின் மணிக்கட்டு தொய்ந்தது. 100 மில்லி இரத்தத்தில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் என்றது பரிசோதனைத் தாள். மருத்துவர் டி-பெனிசிலமைன் எழுதித் தந்தார். ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து. அதன் மூலக்கூற்றின் படத்தைத் தங்கைதான் தேடி எடுத்தாள். ஈயத்தைப் பிடிக்கும் முனையில் ஒரு கந்தக அணு இருந்தது. அப்பாவிடம் அதைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆசிடுலயும் இதுதானேப்பா இருக்கு" என்றார்.