ஐயாற்றங்கரையில் ஒன்றாகும் குரல்கள்

தஞ்சாவூருக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் வடகரையில் அமைந்துள்ளது திருவையாறு. தஞ்சையிலிருந்து செல்லும் பக்தர்கள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என நான்கு ஆறுகளைத் தாண்டி, ஐந்தாவதாகக் காவிரியையும் கடந்தே ஊருக்குள் அடியெடுத்து வைக்கின்றனர். ஐந்து ஆறுகள் வளம் சேர்க்கும் பூமியாதலின் ஐயாறு என்று பெயர். இங்கு எழுந்தருளியிருக்கும் இறைவன் ஐயாறப்பர். அம்பிகை அறம்வளர்த்த நாயகி. கயிலையைக் காண வேண்டி உடல் தேய நடந்த அப்பர் பெருமான், வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கி இத்தலத்துக் குளத்தில் எழுந்து, இங்கேயே கயிலைக் காட்சி பெற்றார் என்பது பெரியபுராணம் போற்றும் வரலாறு. ஆடி அமாவாசை நாளில் அந்தக் காட்சியைத் தரிசிக்க ஊரே திரள்கிறது.

ஐயாறப்பர் கோயில் பிராகாரத்தில் ஓர் இடம் உண்டு. அங்கு நின்று 'ஐயாறப்பா' என்று உரக்க அழைத்தால், அந்த அழைப்பு ஏழு முறை எதிரொலிக்கும் என்பர். ஒரு குரல் பலவாகும் அற்புதத்தைக் கோயிலுக்குள் காணலாம். பல குரல்கள் ஒன்றாகும் அற்புதத்தைக் காண விரும்புவோர், புஷ்ய பகுள பஞ்சமி நாளில் ஆற்றங்கரைக்குச் செல்ல வேண்டும். அங்கேதான் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான ஸ்ரீதியாகராஜ சுவாமிகளின் சமாதி அமைந்துள்ளது.

தெருவில் பாடிய மகான்

தியாகராஜர் 1767-ஆம் ஆண்டு திருவாரூரில் அவதரித்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றில், திருமஞ்சன வீதியில் இருந்த இல்லத்தில் கழித்தார். அரசவையிலிருந்து வந்த அழைப்பை அவர் ஏற்க மறுத்ததையும், அதனால் சினமுற்ற தமையனார் அவர் பூஜித்து வந்த ராம விக்கிரகங்களைக் காவிரியில் எறிந்துவிட்டதையும், அவற்றைத் தேடி அவர் கண்ணீருடன் பாடித் திரிந்து மீண்டும் பெற்றதையும் அடியார்கள் வழிவழியாகச் சொல்லி உருகுகின்றனர்.

பொன்னையும் பொருளையும் வேண்டாத அவர், உஞ்சவிருத்தியை மேற்கொண்டார். நாமாவளி பாடியவாறு வீதியில் நடந்து, இல்லத்தார் இடும் அரிசியைப் பெற்று அன்றன்றைய பொழுதைக் கழிக்கும் அறம் அது. நுட்பம் மிகுந்த பெருங்கீர்த்தனைகளை இயற்றிய அதே மகான், பலரும் கூடிப் பஜனையில் பாடுவதற்கென்றே எளிய மெட்டில் திவ்யநாமக் கீர்த்தனைகளையும் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளையும் அருளினார். வித்துவான் அல்லாதவரும் பாடித் துயர் ஆற வேண்டும் என்ற கருணை அவற்றில் விளங்குகிறது.

துறவறம் ஏற்ற பின், 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அவர் சித்தியடைந்தார். காவிரிக் கரையில் சமாதி எழுந்தது.

பிளவுற்ற அடியார் கூட்டம்

இன்று ஆராதனை நாளில் ஆற்றங்கரையில் எழும் ஒற்றைக் குரல் ஆதிநாள் தொட்டு இருந்ததன்று. சுவாமிகள் சித்தியடைந்த பின் பல்லாண்டுகள் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. சீடர்கள் தத்தம் ஊரில், தத்தம் இல்லத்தில் குருவின் திதியை அனுசரித்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவாமிகளிடம் நேரில் பயின்ற உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் முயன்று சமாதியைச் சீர்படுத்தினர். ஆண்டுதோறும் ஆராதனை நடைபெறலாயிற்று.

ஆனால் ஆராதனை வளர்ந்தபோது பிணக்கும் வளர்ந்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று அடியார்கள் இருவேறு அணிகளாயினர். ஓர் அணி பஞ்சமியன்று முடியுமாறு ஐந்து நாள் விழா எடுக்கும். மற்றோர் அணி பஞ்சமியன்று தொடங்கி ஐந்து நாள் எடுக்கும். மகான் ஒருவரே, பாடலும் ஒன்றே, பாடுவோர் மட்டும் இரண்டாக நின்றனர். இரு அணியும் ஒத்துப்போன செய்தி ஒன்றுண்டு: சந்நிதியில் பெண்கள் பாடுவதற்கு இடமில்லை என்பதே அது.

அந்நிலையை மாற்றியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த அவ்வம்மையார், தேர்ந்த பாடகி; சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றவர். சமாதியின் நிலை அறிந்து வருந்திய அவர், தாம் பாடி ஈட்டிய செல்வத்தைக் கொண்டு நிலத்தை வாங்கி, சமாதியின் மீது சந்நிதி எழுப்பினார். 1921-இல் தொடங்கிய திருப்பணி 1925-இல் குடமுழுக்குடன் நிறைவுற்றது. கோயிலைக் கட்டியவருக்கே அங்கு பாட அனுமதி இல்லை. அம்மையார் மனம் தளரவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். கட்சிகள் மூன்றாயின.

1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரியோர் சிலரின் முயற்சியால் மூன்று பிரிவுகளும் இணைந்தன. இணைந்தவர்கள் எதைச் சேர்ந்து செய்வது என்ற கேள்வி எழுந்தது. அப்போது தோன்றியதே பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆண்களும் பெண்களும், மூத்தோரும் இளையோரும் ஒருங்கே பாடும் வழக்கம். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போன்ற மேதைகள் அதற்கு வழிவகுத்தனர். தேர்வும் பொருத்தமானதே. இந்த ஐந்திலும் சுரங்களும் சாகித்தியமும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. கற்பனைக்கும் தனித்திறமைக்கும் அங்கு வேலை இல்லை. யார் பெரியவர் என்ற கேள்வி எழ இடமே இல்லாத பாடல்களைக் கொண்டு, பிணக்கு ஆற்றப்பட்டது.

பஞ்சமிக் காலை

ஆராதனை நாளன்று விடியற்காலையில், சுவாமிகளின் இல்லம் இருந்த வீதியிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டு, சமாதியை வந்தடைகிறது. நாகஸ்வரம் முழங்குகிறது. சந்நிதியின் முன் அமைந்த பந்தலில் வித்துவான்கள் வரிசை வரிசையாக எதிரெதிரே அமர்கின்றனர். வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் எனப் பக்கவாத்தியங்களும் பல. சந்நிதியில் அபிஷேகம் நடைபெறும்போதே நாட்டை ராகத்தில் முதல் கீர்த்தனை எழுகிறது.

நாட்டையில் ராமபிரானின் திருநாமங்கள் மாலையாகத் தொடுக்கப்பட்டுள்ளன. அடுத்து வரும் கௌளை ராகக் கீர்த்தனை முழுதும் பாவமன்னிப்பு வேண்டுதல். இளமையில் செய்த பிழை, பொருளாசை, வீண் பேச்சு, பக்தன்போல் நடித்த குற்றம் என்று ஒவ்வொன்றாக எண்ணி, தன்னை யார் காப்பார் என்று சுவாமிகள் உருகுகிறார். தனியறையில் ஒருவர் சொல்லிக்கொள்ளவும் கூசும் சொற்கள் அவை. அவற்றை நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில், வெட்டவெளியில் பாடும்போது கூச்சம் அகன்றுவிடுகிறது. குற்றவுணர்வைத் தனியே சுமந்து வந்த நெஞ்சுக்கு, இச்சுமை தனக்கு மட்டும் உரியதன்று என்ற ஆறுதல் அங்கே கிடைக்கிறது.

மூன்றாவதான ஆரபி, கண்ணனை உரிமையுடன் கடிந்துகொள்ளும் குறும்பு. நான்காவது வராளி, ராமனின் பேரெழிலை எத்தனை முறை பார்த்தாலும் ஆவல் பெருகும் என்ற அனுபவம். வராளி ராகத்தைக் குரு சீடனுக்கு நேரே கற்பிக்கலாகாது என்றொரு நம்பிக்கை சங்கீத உலகில் உண்டு. ஆதலின் அருகிலிருப்போர் பாடக் கேட்டே இதனைக் கற்றவர் பலர். கூட்டத்தில் அமர்ந்து கேட்பதே குருகுலமாகிறது. நிறைவாக ஸ்ரீராகம், உலகில் வாழ்ந்த மகானுபாவர்கள் அனைவருக்கும் வணக்கம். ஒரு காலத்தில் ஒருவரையொருவர் வணங்க மறுத்த அணிகளின் வழிவந்தோர், அனைவரையும் வணங்கும் பாடலோடு நிறைவு செய்வது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் இந்த வழிபாட்டில், அமைதி என்பது நிசப்தம் அன்று. ஒலிபெருக்கியும் கூட்ட நெரிசலும் சூழ்ந்த இடம் அது. எனினும் அங்கு அமர்ந்தோரின் முகங்களில் அமைதி படர்வதைக் காணலாம். அதற்குக் காரணம் எளிது. தனியே பாடுவோர் தம் குரலைக் கேட்கின்றனர். சேர்ந்து பாடுவோர் பக்கத்திலிருப்பவரின் குரலைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகத் தம் குரலைச் சற்றே தாழ்த்துகின்றனர். அவரவர்க்கு வாகான சுருதி வேறாயினும் அன்று ஒரே சுருதிக்கு இணங்குகின்றனர். மூச்சு ஒன்றாகிறது, தாளம் போடும் கைகள் ஒன்றாகின்றன. மூப்பினால் குரல் தளர்ந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினாலும், பாடல் நிற்பதில்லை. மற்றவர் அதனை ஏந்திச் செல்ல, அவர் அடுத்த அடியில் மீண்டும் சேர்ந்துகொள்கிறார். பந்தலின் ஓரத்தில், சொற்கள் தெரியாமல் மெட்டை மட்டும் முணுமுணுப்போரும் அதே நாதத்தில் கலந்துவிடுகின்றனர். 'நான்' என்பது சற்று நேரம் கரையும்போது, 'என் கவலை' என்பதும் உடன் கரைகிறது.

செல்வோருக்கு

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்துகள் அடிக்கடி செல்கின்றன. ஆராதனை பெரும்பாலும் ஜனவரி மாதத்தில் அமைகிறது. பஞ்சாங்கம் பார்த்து நாளை அறிந்துகொள்ளலாம். விடியலிலேயே சென்றால் அமர இடம் கிடைக்கும். ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் தரிசித்த பின், ஆற்றங்கரைக்கு வருவது நன்று. விழா இல்லாத நாட்களில் சமாதி அமைதியாக இருக்கும்.

அங்கு செல்வோர் இன்னொரு சந்நிதியையும் மறவாமல் வணங்க வேண்டும். 1952-இல் மறைந்த நாகரத்தினம்மாளின் நினைவிடம் அருகிலேயே உள்ளது. சுவாமிகளின் சந்நிதியை நோக்கியவாறு அம்மையாரின் சிலை அமைந்திருக்கிறது. ஒருகாலத்தில் பாடத் தடைவிதிக்கப்பட்ட பெண்குலத்தின் குரல், ஆண்டுதோறும் பஞ்சமிக் காலையில் ஆண்களின் குரலோடு கலந்து, அச்சிலையைக் கடந்து காவிரிக் காற்றில் பரவுகிறது.