மோட்டாரும் பெட்ரோற் செலவும்

மோட்டார் வண்டி வாங்குதற்குப் பணம் ஒருமுறை வேண்டும். அதனை ஓட்டுதற்கோ நாடோறும் வேண்டும். இவ்விரண்டாவது செலவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பெட்ரோல் விலையையே பேசுவர். விலை நம் வசத்தில் இல்லை. 2010ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அரசினர் பெட்ரோல் விலையைத் தம் பிடியினின்று விடுத்தனர். 2017 ஜூன் முதல் அது நாள்தோறும் மாறலாயிற்று. 2021இல் சென்னையில் லிட்டர் ஒன்று நூறு ரூபாயைத் தாண்டிற்று. இவற்றுள் ஒன்றனையேனும் யானோ, இம்மலரைப் படிக்கும் நண்பர்களோ தடுத்திருத்தல் இயலாது. நம் வசத்தில் உள்ளது வலக்காலின்கீழ்க் கிடக்கும் சிறு மிதிகட்டை ஒன்றே. அதனைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

யான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கெழுதுபவன். நாட்காட்டியும், தீப்பெட்டி லேபிளும், பட்டாசுப் பெட்டியின் மேலுறையும் அச்சிடும் எங்கள் தொழிலில், ஆயிரம் தாளுக்கு எத்தனை தாள் கழிவாயிற்று என்பதை அன்றன்றே எழுதி வைத்தல் வேண்டும். ஆதலின் எதனையும் எழுதிப் பார்த்தாலன்றி நம்பாத பழக்கம் எனக்கு உண்டு. வானம் பார்த்த எங்கள் கரிசற் காட்டிற்கே இப்பழக்கம் பொதுவென்னலாம். விருதுநகரில் வீட்டுக்கொரு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினர் என்பதனைக் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையின் வரலாறு அறிந்தார் அறிவர். பிடி அரிசியால் எந்த வீட்டிலும் உலை குறைந்ததில்லை. ஆயின் பள்ளி நடந்தது.

2023ஆம் ஆண்டில் என் தாயாருக்குப் புற்றுநோய் என்று கண்டனர். மதுரையில் முப்பது நாள் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறவேண்டும் என்றும், வாரத்தில் ஐந்து நாள் தவறாது வரவேண்டும் என்றும் மருத்துவர் பணித்தார். சிகிச்சை சில நிமிடங்களே; வழியோ சிவகாசியினின்று திருத்தங்கல், ஆமத்தூர், விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம் எனப் போகச் சற்றேறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். நோயாளியைப் பேருந்தில் ஏற்றியிறக்க மனம் ஒப்பவில்லை. பழைய கார் ஒன்று வீட்டில் இருந்தது. அதற்கு முந்திய இரண்டு திங்களில் அது லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதாக என் குறிப்பேடு கூறிற்று. நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோமீட்டராக முப்பது நாளுக்கு 4,500. வேண்டும் பெட்ரோல் 300 லிட்டர். விலை முப்பதினாயிரம் ரூபாய்க்கு மேல். மருந்துக்கும் ஸ்கானுக்கும் வைத்திருந்த தொகையில் இஃது எவ்வளவு பெரிய பங்கு என்பதை வரவு செலவு பார்க்கும் எவரும் உணர்வர்.

எங்கள் தெருவில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். என் தாயாருக்குத் தம்பி முறை. பேருந்துப் பணிமனைகளில் ஒவ்வோர் ஓட்டுநருக்கும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பர். அக்கணக்கில் தம் பெயர் என்றும் மேலே நின்றதாக மாமா சொல்லாத நாளில்லை. முதல்நாள் தாமும் வருவதாக முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். அவர் சூத்திரம் ஒன்றே: “மருமகனே, வண்டிக்குள் ஒரு கிழவி கம்பியைப் பிடிக்காமல் கடகப்பெட்டியோடு நிற்கிறாள் என்று எண்ணிக்கொள். அவள் தடுமாறாதபடி ஓட்டு. பெட்ரோல் தானே மிச்சமாகும்.”

இதனுள் அடங்கிய பௌதிகம் எளிது. வண்டியை வேகப்படுத்தப் பெட்ரோல் எரிகிறது. பிரேக்கை மிதிக்குந்தோறும் அவ்வேகம் சக்கரத்தில் வெப்பமாகிப் போகிறது. ஆகவே தொலைவில் லாரி நிற்பது கண்டால் அங்கேயே காலை எடுத்துவிடல் வேண்டும். இனி வேகத்தைப் பற்றி: காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும், 60 கிலோமீட்டர் வேகத்தினும் 90 கிலோமீட்டர் வேகத்தில் தடை இரண்டேகால் மடங்கு. மணிக்கு 80 செல்வதினும் 45 முதல் 55 வரை செல்வதில் நாற்பது விழுக்காடு வரை மிகுதியாக ஓடலாம் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகத்தார் நெடுங்காலமாய்ச் சொல்லி வருகின்றனர். விருதுநகரினின்று மதுரைக்கு நான்குவழிச் சாலையில் 50 செல்வது பின்வரும் லாரிகளுக்கு இடையூறு. 65இல் இடப்பக்கமாகச் சென்றோம். 90இல் செல்வதைவிடப் பதின்மூன்று நிமிடம் மிகுதியாயிற்று. வீட்டைப் பதின்மூன்று நிமிடம் முன்னதாக விட்டு அதனைச் சரிசெய்தோம்.

யான் எதிர்பாராதது ஒன்று உண்டு. இரண்டாம் வாரத்தில் தாயார் விருதுநகர் தாண்டியவுடன் உறங்கத் தொடங்கினார். ஒருநாள் கண் விழித்து, “புதுச் சாலை போட்டிருக்கிறார்களா?” என்றார். சாலை பழைய சாலைதான். திடீரென நிறுத்துவதும் பாய்வதும் உடம்பிற்கு எவ்வளவு வலி தரும் என்பதை அவர் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று முதல் குறிப்பேட்டில் லிட்டர்க் கணக்கின் அருகே அவர் உறங்கிய நேரத்தையும் எழுதலானேன்; இரண்டும் ஒருங்கே ஏறின.

சிக்கனம் என்று ஊரார் சொல்லித் தந்தவற்றுள் பல வீண். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருளவிடு என்பர். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது ஒருவாறு பொருந்தும். இக்காலத்துப் பெட்ரோல் வண்டியில், கியரில் இருக்கையில் மிதிகட்டையினின்று காலை எடுத்தால் பெட்ரோல் தானே நின்றுவிடும். கியரை எடுத்தாலோ எஞ்சின் சும்மா சுழலச் சிறிது எரியும். எஞ்சினையே அணைத்து உருளுவோரும் உளர். பிரேக்கின் துணைவிசை குறைந்து, ஸ்டியரிங் கனத்து, உயிருக்கு உலை வைக்கும் சிக்கனம் அது. விடியலிற் போட்டால் பெட்ரோல் குளிர்ந்து அடர்ந்திருக்கும் என்பது மற்றொன்று. பெட்ரோல் ஒரு பாகை வெப்பத்திற்கு ஆயிரத்தில் ஒரு பங்கே விரியும். தொட்டியோ நிலத்தின்கீழ் இருப்பது. காலைக்கும் மாலைக்கும் அங்கே பெரும் வேறுபாடு இராது. டயரில் காற்றுக் குறையாது பார்ப்பதும், டிக்கியிற் கிடந்த நாட்காட்டிக் கட்டுகளை இறக்கியதும், ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்ததும் மெய்யான பயன் தந்தன.

ஒன்றனை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விலை ஏறும் என்ற பேச்சுக் கிளம்பினால் சிலர் பிளாஸ்டிக் கேன்களிற் பெட்ரோலை வாங்கி வீட்டில் வைப்பர். எங்கள் ஊரில் மருந்தறையில் உராய்வு ஒன்று போதும், ஒரு குடும்பம் அழிய. பெட்ரோலின் ஆவியோ காற்றினும் கனமாய்த் தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிச் செல்லும். பட்டாசுக்கும் பெட்ரோலுக்கும் உரிமம் வழங்கும் மத்திய அரசின் துறை ஒன்றே என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளல் நன்று.

மாமா தம் தந்தையிடம் கேட்ட கதைகளை வழிநெடுகச் சொல்வார். இரண்டாம் உலகப் போரில், 1941இல், பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பேருந்துகளின் பின்னே கரியுலை பொருத்தி, அதில் எழும் வாயுவால் ஓட்டினர்; மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தாரும் அத்தகைய கருவி செய்தனர். ஊதுசக்கரத்தைச் சுற்றி உலை பற்றும் வரை பிரயாணிகள் காத்திருப்பர். மேட்டில் இறங்கி நடப்பர். தாயார் கேட்டுச் சிரித்தார். அத்திங்களில் அவர் சிரித்தது அரிது.

சிக்கனம் செல்லாத இடங்களும் இருந்தன. குளிர்சாதனம் பெட்ரோலைத் தின்னும் என்பது உண்மை. சித்திரை வெயிலில், சிகிச்சையால் குமட்டல் கண்ட ஒருவரை வைத்துக்கொண்டு அதனை அணைப்பது பற்றி யான் எண்ணவும் இல்லை. பத்தொன்பதாம் நாள் கப்பலூர்ச் சுங்கச்சாவடி அருகே அவருக்கு மயக்கம் வந்தது. அன்று கிழவியும் கடகப்பெட்டியும் நினைவில் இல்லை. அந்த நிரப்பலுக்குக் குறிப்பேட்டில் 14 என்றிருக்கிறது. அதனருகே விளக்கம் ஒன்றும் எழுதவில்லை.

முப்பது நாளும் முடிந்தபோது 4,536 கிலோமீட்டர், 252 லிட்டர், லிட்டருக்குப் பதினெட்டு. மிச்சம் ஐம்பது லிட்டர், ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அத்தொகை இறுதிப் பரிசோதனைக்குப் போயிற்று.

2025இல் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலப்பது நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் குறைந்தது. பழைய கார்களுக்கு ஆறேழு விழுக்காடு ஓட்டம் குறையலாம் என்று நீதி ஆயோக் 2021இலேயே கூறியிருந்தது. என் வண்டி இப்போது பதினேழு ஓடுகிறது. மூன்று திங்களுக்கொருமுறை தாயாரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன். மாமாவும் வருகிறார், அக்காவின் அருகே பின்னிருக்கையில் அமர்ந்து, வேகமானியின் முள்ளைத் தலைநீட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார்.