நாலு குடம் தண்ணி

எங்கள் லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டில் ராத்திரி ரெண்டு சத்தம் கேட்கும். ஒன்று பஜ்பஜ் லைன் ரயில். இன்னொன்று பாத்ரூம் ஃப்ளஷ் தொட்டியிலிருந்து வரும் 'ஸ்ஸ்ஸ்'. ரெண்டும் எனக்கும் தங்கமணிக்கும் பழகிவிட்டது. அம்மாவுக்குத்தான் பழகவில்லை.

அம்மா மேற்கு மாம்பலத்துக்காரர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டபோது லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றவர். "டேய், தண்ணி வீணாப் போகுதுடா" என்று தினமும் சொல்வார். மிஸ்திரியைக் கூப்பிட்டேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தாதா, புரோ செட் பால்ட்டாதே ஹோபே" என்றான். முழு செட்டும் மாற்ற வேண்டுமாம், 1800 ரூபாய். நான் யோசித்ததும், "ஜொல் தோ ஃப்ரீ" என்று சமாதானமும் சொன்னான். நானும் விட்டுவிட்டேன். ஹூக்ளி பக்கத்திலேயே ஓடுகிறது, கார்டன் ரீச்சில் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள், நமக்கென்ன!

போன மாதம் ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும், பாத்ரூமில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். விளக்குகூடப் போடவில்லை. தொட்டிக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக்கை மூடக் குனிந்தவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. ரொம்ப நாளாகவே நாங்கள் தூங்கியதும் போய் மூடிவிட்டு, விடியுமுன் திறந்துவிடுவாராம். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. 74 வயசு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தங்கமணி கேட்டாள். கணக்கு உதைத்தால் எங்கே உதைக்கிறது என்று பார்ப்பதுதானே நம் தொழில் :-)

தொட்டியில் நாலு சொட்டு நீலம் விட்டேன். இருபது நிமிஷம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது என்று உத்தரவு. கோப்பையில் நீலம் இறங்கிவிட்டது. அப்படியானால் குற்றவாளி தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி. மிதவை சரியில்லை என்றால் தண்ணி நடுக்குழாயின் மேல்வாய் வழியாக வழிந்திருக்கும். ஆங்கிள் காக்கை மூடி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டர் தொட்டியில் கால்வாசி காலி. ஒரு நாளைக்கு 60 லிட்டர். அம்மா கணக்கில் நாலு குடம். தண்ணி சும்மா கிடைக்கலாம், அதை மாடிக்கு ஏற்றும் பம்புக்குக் கரண்ட் பில் உண்டே.

பீங்கான் மூடியைத் துண்டின்மேல் வைத்தேன். ஃப்ளஷ் பண்ணித் தொட்டியைக் காலி செய்து, சங்கிலியைக் கழற்றி, ரப்பரின் ரெண்டு காதையும் விடுவித்தேன். மை மாதிரி கருப்பு கையில் ஒட்டியது. தொட்டிக்குள் போடும் குளோரின் மாத்திரை ரப்பரை இப்படித்தான் தின்னுமாம். அதை ஆசையாக வாங்கி வாங்கிப் போட்டவன் நான்தான்.

பழசைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். ரெண்டு அங்குலம், மூணு அங்குலம் என்று அளவு உண்டு. நான் அலைபேசியில் படம் காட்டி வாங்கிவந்து, திரும்பவும் நடந்தேன். 120 ரூபாய். ரப்பர் உட்காரும் விளிம்பில் இருந்த பழுப்புப் படிவைத் துடைத்துவிட்டுப் பொருத்தினேன். அப்புறமும் 'ஸ்ஸ்ஸ்'! சங்கிலி நீளம் அதிகமாகி ரப்பருக்கடியில் மாட்டியிருந்தது. அரை அங்குலம் மட்டும் தொய்வு விட்டு மாட்டியதும் அடங்கியது. மறுபடி நீலம் விட்டேன், கோப்பை வெள்ளையாகவே இருந்தது.

கோப்பையில் பாரிவேர் என்று போட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். நம்ம ராணிப்பேட்டைக் கம்பெனி. அம்மாவிடம் சொன்னதும் முகத்தில் ஒரு சிரிப்பு.

அன்று ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ தோளைத் தட்டினார்கள். அம்மா.

"டேய், சத்தமே வரலையே, தண்ணி நின்னுடுச்சா?"

எழுந்து போய் ஒருமுறை ஃப்ளஷ் பண்ணிக் காட்டினேன். தொட்டி நிறைந்து அடங்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போனார்.