பாமினியில் கிடக்கும் செய்திகள்

பாமினி என்றால் ஓர் எழுத்து வடிவம் என்றே இளைய செய்தியாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அது ஒரு குறியீட்டு முறையும்கூட. ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழெழுத்துகளை அமர்த்திய ஏற்பாடு. ‘எம்’ இருந்த இடத்தில் அகரம். அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’வும் வெறும் ஆங்கிலக் கிறுக்கலே.

யாழ்ப்பாணத்து அச்சகங்களும் பத்திரிகைகளும் நெடுங்காலம் இதனை நம்பியே இயங்கின. தட்டச்சில் ‘யளனகபாதமட’ பயின்ற விரல்களுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. ஆனால் பாமினிக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று எவரும் முறையாக அறிவிக்கவில்லை. அறிவிக்க உரிமையுள்ள நிறுவனம் என ஒன்று இருந்தால்தானே! ஒருங்குறி வந்தது, ஆளாளுக்கு வேறு வேறு நாளில் மாறிக்கொண்டார்கள்.

இணையத் தமிழர் கலந்துபேசி உருவாக்கிய திஸ்கிக்குப் பதிப்பு எண்களாவது இருந்தன. முந்தைய பதிப்பில் இகரத்துக்குக் கிடைத்த இடம் 173. அதுவோ இலத்தீன் குறியீட்டில் கண்ணுக்குத் தெரியாத மென்கோட்டின் இடம். சில மென்பொருள்கள் அதனை விழுங்கிவிட, ‘இல்லை’ என்பது ‘ல்லை’ ஆயிற்று. (‘இராணுவம்’ மட்டும் தப்பியது, தலையிழந்தாலும் பொருள் மாறாத சொல்.) 1.7ஆம் பதிப்பில் இகரம் 254க்குக் குடிபெயர்ந்தது. சரியான திருத்தந்தான். எனினும் தான் எந்தப் பதிப்பென்று ஒரு பழைய கோப்பு தானாகச் சொல்வதில்லை.

ஒருங்குறியாளரும் இதே பாடத்தைப் படித்தவர்களே. 1996இல் 2.0 பதிப்பின்போது கொரிய எழுத்துகளை இடம்மாற்றிப் பெருங்குழப்பத்தைச் சந்தித்தார்கள். அதன்பின் ஏற்பட்ட விதி: ஓரெழுத்துக்கு ஒருமுறை கொடுத்த இடம் மாறாது, பறிக்கப்படாது. வேண்டாதது என ஒதுக்கலாம், அழிக்கலாகாது. இதற்கும் ஒரு விலை உண்டு. 2005இல் 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்தபின் ஸ்ரீ என்பதை இருவகையாக எழுத முடிகிறது. திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். தேடும்போது ஒன்று மற்றதைக் காட்டாமல் விடலாம். 1958இல் வாகன இலக்கத்தகட்டுக்காக நம்மவர் தார் பூசிய எழுத்து, கணினியிலும் சிக்கலாகவே வந்து சேர்ந்திருக்கிறது!

எனக்குக் கவலை தருவது பழைய கோப்புகள். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடும் அதன்பின் வந்த போரோடும் அச்சுப் பிரதிகள் எத்தனையோ அழிந்தன. எஞ்சிய இறுவட்டுகளில் மரண அறிவித்தல்களும், காணாமற்போனோர் பெயர்களும், கிராமச் செய்திகளும் பாமினியில் கிடக்கின்றன. தகப்பனின் பெயரை ஒருங்குறியில் தட்டித் தேடும் மகளுக்கு அவை அகப்படமாட்டா.

பொங்குதமிழ் போன்ற எழுத்துமாற்றிகள் இருப்பதால் பெரும்பகுதியை மீட்கலாம். வைத்திருப்போர் கோப்போடு அதன் எழுத்துருவையும் பிரதிசெய்து, பெயரைக் குறித்துவையுங்கள். மாற்றியபின் மூலத்தை அழித்துவிடாதீர்கள். இடையில் ஆங்கிலப் பெயர்கள் வரும் பத்திகளில் அந்தப் பெயர்களையும் தமிழெழுத்தாக்கி மாற்றி சிதைத்துவிடும்; அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும்.