அண்ணாமலைக்குப் போன குட்டி யானை

செஞ்சிக் கோட்டையைத் தாண்டிக் கீழ்பென்னாத்தூர் பக்கம் வந்துவிட்டால், திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் மேற்கே எட்டி எட்டிப் பார்ப்பது வழக்கம். "அதோ, மலை!" என்று முதலில் சொல்பவருக்குப் புண்ணியம் கொஞ்சம் கூடுதல் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. சென்ற சித்ரா பௌர்ணமிக்குப் போனபோது அந்தப் புண்ணியத்தை எங்கள் வண்டியே தட்டிக்கொண்டு போய்விட்டது. பின்பக்கம் தரையோடு தரையாக அமுங்கி, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, தாம்பரத்திலிருந்தே மலை உச்சியைத் தேடியபடி வந்தது அது ஒன்றுதான்!

வண்டி என்றால் நம் ஊரில் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கிறார்களே, அந்தச் சிறு சரக்கு வண்டி. 2005-இல் டாடா ஏஸ் என்ற பெயரில் சாலைக்கு வந்தது. இன்று காய்கறி முதல் கல்யாணச் சீர் வரை அதன் முதுகில்தான் போகிறது. ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ.

நாங்கள் ஏற்றியது என்ன? சித்தப்பாவுக்கு ஒரு வேண்டுதல். கிரிவலம் வருகிற ஆயிரம் பேருக்குத் தயிர் சாதமும் நீர்மோரும் கொடுக்க வேண்டும். பாதையிலேயே அடுப்பு மூட்ட அனுமதி கிடையாது. ஆகையால் சற்றுத் தள்ளி ஒரு மாந்தோப்பில் இரண்டு நாள் முகாம். 25 கிலோ அரிசி மூட்டை பத்து, மளிகை, காய்கறி, நான்கு பெரிய காஸ் சிலிண்டர், அண்டாக்கள், தார்ப்பாய், பந்தல் போட இரும்புக் குழாய்கள், போதாக்குறைக்கு இருபது லிட்டர் தண்ணீர் கேன் பதினைந்து. டிரைவர் பக்கத்து ஆசனத்தில் சித்தப்பா. நானும் இன்னும் நாலு பேரும் மூட்டை மேல். (சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். தெரிந்தே செய்தோம். அதை இங்கே மறைப்பதற்கில்லை.)

விடியற்காலை இருட்டில் எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். யாத்ரீகர்களை வாழ்த்துகிறார்களாக்கும் என்று நானும் கையை ஆட்டினேன். எங்கள் விளக்கு சாலையைப் பார்க்காமல் அவர்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பள்ளம் வந்த போதெல்லாம் கீழே 'டங்' என்று ஒரு சப்தம். "ஸ்டியரிங் லேசா மிதக்குது சார்" என்றார் டிரைவர். வண்டி அவருடைய சொந்த வண்டி. மாதத் தவணை இன்னும் முடியவில்லை.

திருவண்ணாமலைக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் ஒரு பட்டறை. மேஸ்திரி அறுபதைத் தாண்டிய பெரியவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்துக்கு மேல் இருக்கும் இடைவெளியை இரண்டு பக்கமும் கையாலேயே அளந்தார். பிறகு கீழே படுத்துக்கொண்டு பார்த்தார்.

பழைய வில்வண்டியை நினைவிருக்கிறதல்லவா? அதே வில்தான் இதிலும். எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, நீளமானதும் குட்டையானதுமாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கட்டியிருக்கும். பாரம் ஏறினால் வளைவு நிமிரும். இறங்கினால் மறுபடி வளையும். அளவு மீறிய பாரத்தை நாள் கணக்கில் சுமந்தால் எஃகும் அலுத்துப் போகும்; பாரத்தை இறக்கினாலும் பழைய வளைவு வராது. எங்கள் வண்டியில் அதற்கும் மேலே போயிருந்தது. ஒரு பட்டை போல்ட் துவாரத்தை ஒட்டி விரிசல் விட்டிருந்தது. 'டங்' என்றது அச்சு மேலே போய் ரப்பர் கட்டையில் இடித்த சப்தம்.

"இன்னும் ரெண்டு பட்டை கூடுதலாச் சொருகிடுங்க, பெரியவரே" என்றார் சித்தப்பா.

"சொருகலாங்க ஐயா. வண்டி நிமிர்ந்துக்கும். ஆனா அச்சும் டயரும் பிரேக்கும் அதேதானே? நிமிர்ந்து நிக்கிற வண்டியைப் பார்த்து இன்னும் நாலு மூட்டை ஏத்துவீங்க!"

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். சாமான் மட்டும் 1,100 கிலோ. எங்களையும் சேர்த்தால் 1,400. ஏறத்தாழ இரண்டு வண்டிப் பாரம்! கனமான சிலிண்டர்களையும் தண்ணீரையும் கடைசியில், பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருந்தோம். ஏற்றமரத்தின் நுனியில் ஆள் ஏறி நின்றால் மறுமுனை கிளம்புமே, அது போலத்தான் மூக்கு மேலே கிளம்பியிருக்கிறது.

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. பொழுது ஏறிக்கொண்டிருந்தது, பௌர்ணமிக் கூட்டம் பெருகினால் பாதைப் பக்கம் வண்டி விடமாட்டார்கள். "வேண்டுதலைப் பாதியில் நிறுத்துவதா?" என்றார். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. விரிசல் விட்ட பட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சித்தப்பாவும் பார்த்தார். வாய் திறக்காமல் ஒரு தண்ணீர் கேனைத் திறந்து மரத்தடியில் கவிழ்த்தார்.

உடைந்த பட்டைக்கு மட்டும் புதிது போட்டார் மேஸ்திரி. கூடுதல் பட்டை கிடையாது. சாமான்கள் இரண்டு நடையாகத் தோப்புக்குப் போயின. கனமானவை இம்முறை டிரைவர் முதுகை ஒட்டினாற்போல் முன்னால், அடியில். நாங்கள் பஸ்ஸில் போனோம். தண்ணீர் ஊரிலேயே கிடைத்தது.

மாலை ஐந்துக்கு ஆரம்பிக்க வேண்டிய தயிர் சாதம் ஒன்பதுக்கு ஆரம்பித்தது. பதினாலு கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்கு ஒன்பது மணிதான் நல்ல பசி நேரம் போலிருக்கிறது. நள்ளிரவுக்கு முன்பே அண்டா காலி.

மறுநாள் காலை கோவிலுக்குப் போனபோது பெரிய தேரைப் பார்த்தோம். கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியைச் சுற்றி வருகிற மகாரதம். எங்கள் 1,400 கிலோ அதற்கு ஒரு தூசி. "இதுக்கு வில்லே கிடையாது பார்த்தீங்களா?" என்று சித்தப்பா கேட்டார், மேஸ்திரியை மடக்கிவிட்ட பாவனையில். டிரைவர் சிரித்தார். "இது அறுபதுல ஓடாதுங்களே, ஐயா!"

ஊர் திரும்பும்போது சித்தப்பா தாமாகவே பஸ் நிலையத்துக்கு நடந்தார். டிரைவர் மட்டும் கிளம்புமுன் பின்சக்கரத்தருகே குந்தி, அச்சுக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார்.

"நாலு விரல் போகுது, சார்!"